சாரத்தில் விழுந்த வெட்டு

பச்சைக் கட்டம் போட்ட அந்தச் சாரம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. வெளியூர்க்காரர்கள் கைலி, லுங்கி என்பார்கள். சங்கரன்கோவில் பக்கம் எங்களுக்குச் சாரம். அதில் இரண்டு ஓட்டைகள். ஒன்று தொடை உயரத்தில், இன்னொன்று கீழ்க் கரையை ஒட்டி. விசைத்தறி செட்டில் வேலை முடிந்து வந்த அண்ணன் பெண்டாட்டி, என் மதினி, செருப்பைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் நின்றுவிட்டாள். அண்ணன் டீயை ஊதிக்கொண்டே, "உடமுள்ளு கிழிச்சிட்டு" என்றான். நானும் அண்ணனும் சங்கிலி ரம்ப மெஷின் வைத்து மரம் அறுக்கிறவர்கள், முள் கிழிப்பது தினமும் நடப்பதுதான். ஆனால் பொய் சொன்னது துணியைப் பற்றி, கேட்டது தறிக்காரி. மதினி ஓட்டையின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "முள்ளு கிழிச்சா ஒரு பக்கமாப் போவும். இது குதறிக் கெடக்கு. ஆயில் கறை வேற போவல" என்றாள்.

அதோடு விட்டிருந்தால் அவள் மதினி இல்லை. சாரத்தைக் கொடியிலிருந்து உருவி, அண்ணன் வேலைக்குப் போகும்போது மடித்துக் கட்டுகிற மாதிரியே முழங்காலுக்கு மேல் மடித்தாள். இரண்டு ஓட்டையும் ஒன்றின் மேல் ஒன்று வந்து நின்றன. அப்படியே கொண்டுபோய், உட்கார்ந்திருந்தவனை எழுப்பி, அவன் இடுப்போடு சேர்த்துப் பிடித்தாள். ஓட்டை வழியாக ஒரு விரலை விட்டாள்.

"இதுக்குப் பின்னால என்ன இருந்துச்சு?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் வாசலில் கட்டிக் கிடந்த மாட்டைப் பார்த்தேன். கடைசியில், "தொடதான்" என்றான்.

அன்று காலை புளியங்குடிக்குப் பக்கத்தில் ஓர் எலுமிச்சைத் தோட்டத்தில் சாய்ந்து கிடந்த வேம்பை அறுத்துக்கொண்டிருந்தோம். மெஷினின் பின்பிடியில் வலது கை, முன்பிடியில் இடது கை. சங்கிலி ஓடும்போது இரண்டில் ஒன்றுகூடப் பிடியை விட்டு நகரக் கூடாது. இது அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். எனக்குச் சொல்லித் தந்ததே அவன்தான். ஆனால் இடுப்பில் சாரம் நழுவியது. இடது கை தானாகக் கீழே போனது. அந்த நேரம் பார்த்து மெஷினின் நுனி வேறொரு கொப்பில் முட்டித் துள்ளியது. ஒற்றைக் கையில் நிற்குமா அது? இடது பக்கமாக இறங்கித் துணியைக் கடித்துவிட்டு ஓய்ந்தது. அண்ணன் மெஷினை அணைத்தான், தண்ணீர் குடித்தான், சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடியும் அறுக்கப் போய்விட்டான்.

சாரம் நழுவும்போது யோசித்துவிட்டுக் கையைக் கொண்டுபோன ஆண்பிள்ளை எங்கள் ஊரில் பிறக்கவில்லை. மானம் போய்விடும் என்கிற பயம் மூளைக்குப் போவதில்லை, நேராகக் கைக்குப் போய்விடுகிறது. நம்பாதவர்கள் சாரம் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப் பாருங்கள். இடுப்பு கொஞ்சம் தளர்ந்தால் குடம் தரையில் கிடக்கும். அண்ணன் கவனக்குறைவானவன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவன் கட்டியிருந்த துணிதான் அந்த வேலைக்கு ஆகாதது.

மதினி அதைத்தான் பிடித்துக்கொண்டாள். "எங்க செட்டுல சேலைக்கு மேல ஆம்பளச் சட்டையப் போட்டாத்தான் தறிகிட்டயே விடுவாவ. முந்தானை மாட்டிரும்னு. உங்களுக்கு மட்டும் என்ன கொம்பா மொளச்சிருக்கு?" அண்ணன், பேண்ட் போட்டால் வெக்கை தாங்காது, குனிய முடியாது என்று என்னென்னவோ சொன்னான். அவள் சாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிப் பக்கம் போனாள். மறுநாள் காலை அந்தச் சாரம் எங்கள் லோடு ஆட்டோவில், டிரைவர் சீட்டுக்கு முன்னால், ஓட்டைகள் தெரிகிற மாதிரி தொங்கியது. போகிற இடமெல்லாம், "இது என்ன வே, வண்டிக்குத் திருஷ்டியா?" என்று கேட்டார்கள். கழற்றி எறிந்தால் வீட்டுக்குப் போக முடியாது. ஒரு வாரம்கூடத் தாங்காமல், மரம் அறுக்கிறவர்களுக்கென்றே வருகிற கனத்த பேண்ட்டை என் போனில் ஆர்டர் போடச் சொன்னான்.

பார்சல் வந்ததும் மதினிதான் பிரித்தாள். தொடைப் பக்கத்தை அமுக்கிப் பார்த்து, உள்ளே அடுக்கடுக்காக நூல் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். சங்கிலி பட்டால் அந்த நூல் இழுபட்டுச் சக்கரத்தில் சுற்றி மெஷினை நிறுத்தும் என்று நான் விளக்கினேன். "நூலு சுத்துனா தறியே நிக்கும், இது நிக்காதாக்கும்" என்று அவள் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினாள். அண்ணன் அதைப் போட்டு பெல்ட்டை இறுக்கி வெளியே வந்தபோது டீக்கடையில், "என்ன வே, போலீஸ்ல சேத்துட்டாவளா?" என்று ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். அடுத்த மாதம் எனக்கும் ஒன்று வந்தது.

அதன் பிறகு சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆடிக் காற்றில் எத்தனையோ மரங்கள் விழுந்தன, நாங்கள் அறுத்தோம், சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். வண்டி மாற்றியபோது மதினி அந்தச் சாரத்தைத் துவைத்துப் பெட்டியில் வைத்தாள். அண்ணன் கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று அவன் இடுப்பை ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான்.

போன தையில் மஞ்சள் காமாலையில் மதினி போய்விட்டாள். இப்படிச் சட்டென்று போவாள் என்று யாரும் நினைக்கவில்லை. அண்ணன் ரொம்ப நாள் மெஷினைத் தொடவே இல்லை. பிறகு ஒருநாள் ரோட்டோரம் சாய்ந்த புளியை அறுக்கக் கூப்பிட்டார்கள். காலையில் நான் வண்டியை எடுத்துக்கொண்டு போனால், அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மெஷினோடு வாசலில் நிற்கிறான்.

"பேண்ட் எங்கண்ணே?"

"உள்ள கெடக்கு. எவ பாக்கப் போறா?"

அவனுக்குப் புத்தி சொல்ல என்னால் ஆகாது, என்றைக்கும் ஆனதில்லை. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து அந்தப் பச்சைக் கட்டம் போட்ட சாரத்தை எடுத்து வந்தேன். டிரைவர் சீட்டுக்கு முன்னால் பழைய மாதிரியே தொங்கவிட்டேன்.

அண்ணன் மெஷினைக் கீழே வைத்தான். வண்டியில் தொங்கிய சாரத்தை உருவி, முழங்காலுக்கு மேல் வருகிற மாதிரி மடித்தான். இரண்டு ஓட்டையும் ஒன்றின் மேல் ஒன்று வந்தன. இடது தொடையில் வைத்துப் பிடித்துக்கொண்டு, குனிந்து, அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். தோள் குலுங்கியது. நான் வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தை அந்தச் சாரத்திலேயே துடைத்துக்கொண்டு, "ஏலே, பெல்ட்டு எங்க கெடக்குன்னு பாத்தியா?" என்றான்.

மதினி வைக்கிற இடத்தில்தான் இருந்தது.