அப்பா காத்திருந்த பதில்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகின்ற இந்த ஆட்டைத் திவசத்துக்கு ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவரை வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். முப்பத்தோராம் நாள் அச்சிட்டுக் கொடுத்த கல்வெட்டு நினைவு மலரில் அப்பாவின் வரலாற்றைத் தம்பி எழுதியிருந்தான். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், வகித்த பதவிகள் எல்லாம் பிழையில்லாமல் இருந்தன. அப்போது என்னையும் எழுதச் சொன்னார்கள். கை நடுங்குகிறது என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். துக்கத்தில் நடுங்குவதாக எல்லோரும் நினைத்தீர்கள். துக்கமும் இருந்தது, ஆனால் நடுக்கம் பயத்தால் வந்தது. நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அந்தப் பயம் என்ன செய்தது என்பது ஒருவருக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா சாவகச்சேரிக்கு அருகில், ஒரு கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜரின் மூத்த மகனாகப் பிறந்தார். தகப்பனாரைச் சிறு வயதிலேயே இழந்து, இரண்டு தங்கைமாரையும் கரைசேர்த்த பின்னரே தன் கல்யாணத்தைப் பற்றி யோசித்தவர். கொழும்பில் சட்டம் படித்து யாழ்ப்பாண நீதிமன்றத்தில் சட்டத்தரணியாகச் சில காலம் நின்றார். எங்கள் ஆட்கள் ஆசிரியர்களாகவும் கணக்காளர்களாகவும் ஆப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அப்பா நீதவானாகப் போனார். எந்த நாடு என்பதைத் தம்பி எழுதிவிட்டான். நான் எழுதமாட்டேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அந்தப் பெயரை எழுதப் பேனை வருகுதில்லை.

அங்கே அப்பா ஜீப்பில் ஊர் ஊராகப் போய், சில இடங்களில் பள்ளிக்கூட மண்டபத்திலேயே நீதிமன்றம் நடத்தினார். தட்டச்சாளர் கிடையாது. சாட்சி சொல்லும் ஒவ்வொரு வார்த்தையையும் நீதிபதியே கையால் எழுதவேண்டும். சாட்சிகளோ அவரவர் மொழியில் பேசுவார்கள். அதை ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர் அப்பாவுடனேயே பயணம் செய்தார். அந்த நாட்டுக்காரர், அப்பாவைவிட இளையவர், அளந்து பேசுபவர். ‘என்ரை காது அவர்தான்’ என்று அப்பா சொல்லுவார். நீதவானாகத் தொடங்கிய அப்பா மேல் நீதிமன்ற நீதிபதியானார். கடைசியில் பிரதம நீதியரசருக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்தார். வீட்டு வாசலில் காவலாளி நின்றார். அதை எல்லோரும் பெருமை என்றார்கள். காவல் இருக்கிறது என்றால் வருவதற்கும் யாரோ இருக்கிறார்கள் என்றுதான் சிறுமியான எனக்குப் பட்டது.

எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது அந்த வழக்கு வந்தது. ஒரு கடையில் கொள்ளையடிக்கப் போன மூவர் காவலாளியைக் கொன்றுவிட்டார்கள். இருவர் தப்பி ஓடிவிட, வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்ற இளைஞன் மட்டும் பிடிபட்டான். உள்ளே நின்றாலும் வெளியே நின்றாலும் கொலைக்கு அந்தச் சட்டத்தில் ஒரே தண்டனைதான் இருந்தது. அப்பா மரண தண்டனை விதித்தார். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. அம்மா இரண்டு தரம் கூப்பிட்டும் எழும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஜன்னலுக்குக் கல் வந்தது. தொலைபேசி அடிக்கும், எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். ஒருநாள் ஓர் ஆண்குரல் என் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லி, நான் எந்த வாசலால் வெளியே வருகிறேன் என்பதையும் சொன்னது. அம்மா என்னைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னார்: “பிள்ளை, இனிப் போன் எடுத்தா பேர் சொல்லாதை. அப்பா நிக்கிறாரோ எண்டு கேட்டா, அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லையெண்டு சொல்லிப்போட்டு வை.” இந்தப் பாடத்தை நான் நன்றாகப் படித்தேன்.

மறுவருடம் அரசாங்கத்துக்குப் பிடிக்காத ஒரு தீர்ப்பை அப்பா எழுதினார். அவருடைய ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. இரண்டு சூட்கேசுகளுடன் கொழும்புக்கு வந்தோம். பிறகு யுத்தம் எங்களை ஆளுக்கொரு திசையாக எறிந்தது. நான் கல்யாணமாகி ஒஸ்லோவுக்கு வந்தேன், தம்பி லண்டனுக்குப் போனான். அம்மா கொழும்பிலேயே கண்ணை மூடினார். போர்நிறுத்தக் காலத்தில் அப்பாவை எங்களிடம் கூப்பிட்டுக்கொண்டோம்.

இங்கே கதவுகளில், அழைப்பு மணியில், தபால் பெட்டியில் எல்லாம் குடியிருப்பவரின் பெயரை ஒட்டிவைப்பார்கள். அப்பாவின் பெயரை நான் எங்கேயும் ஒட்டவில்லை. என் கணவர் சிரிப்பார். “இஞ்சை வாற கள்ளனும் சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ளுக்கு வருவான். நீர் ஏன் சும்மா பயப்பிடுறீர்?” என்பார். என் சின்ன மகள் ஒருநாள், “அம்மா, போஸ்ட்கஸ்ஸாவிலை அம்மப்பாவின்ரை பேர் இல்லையே. பேர் இல்லாட்டி போஸ்ட்காரர் போடமாட்டார் எண்டு ஸ்கூலிலை சொன்னவை” என்றாள். வாயை மூடு என்று அதட்டினேன். அப்பாவின் ஆஸ்பத்திரிக் கடிதங்களையும் அலுவலகக் கடிதங்களையும் என் பெயரோடு சேர்த்து வரும்படி நான் முன்பே செய்துவைத்திருந்தேன். அவருக்கு ஒரு குறையும் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்பா கடிதம் எழுதுவார். கார்பன் தாள் வைத்து, பிரதி எடுத்து, தானே நடந்துபோய்த் தபாலில் சேர்ப்பார். ஒரு கோடையில் கடற்கரைக்கு இறங்கும் பாதையில் போகும்போதுதான் அது யாருக்கு என்று சொன்னார்.

“அந்தத் தீர்ப்பை எழுதினது நான், பிள்ளை. ஆனா அந்தப் பெடியன் கேட்டது மொழிபெயர்ப்பாளரின்ரை குரலைத்தான். அதைச் சொல்லி முடிச்சிட்டு அவர் தண்ணி கேட்டவர்.”

அப்பா வழக்குகளைப் பற்றி வீட்டில் வாய் திறப்பவரல்ல.

“தூக்குத் தண்டனை குடுத்தா, பிறகு நீதிபதி ஜனாதிபதிக்கு ரகசியமா ஒரு அறிக்கை எழுதவேணும். அது அங்கத்தைய வழமை. இவனைத் தூக்கிலை போடக்கூடாதெண்டு எழுதினனான். வெளியிலை நிண்டவன், பிள்ளை. கத்தியைக் கையாலையும் தொடேல்லை.”

“பிறகு என்ன நடந்தது, அப்பா?”

“அதுதான் தெரியாது. தெரியமுதல் எங்களை அனுப்பிப்போட்டாங்கள். கொழும்பிலை இருந்தும் எழுதிக் கேட்டனான், ஃபைலைக் காட்டேலாது எண்டிட்டாங்கள். இப்ப மொழிபெயர்ப்பாளருக்கு எழுதியிருக்கிறன். அவர் ரிட்டயர் ஆகி ஊரிலை இருக்கிறாராம். அவர் கட்டாயம் பதில் போடுவார்.”

அப்பா எங்கள் வீட்டு முகவரியை, தொலைபேசி எண்ணோடு, அந்த நாட்டுக்கு அனுப்பியிருக்கிறார் என்பது மட்டும்தான் என் தலைக்குள் நின்றது. ‘உங்களுக்கு ஏனப்பா இந்த வேலை’ என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை பகல் தொலைபேசி அடித்தது. அப்பா குளியலறையில் இருந்தார். ஓர் ஆண்குரல் ஆங்கிலத்தில், “நீதிபதி ஐயாவின் வீடா?” என்று கேட்டது. அந்த உச்சரிப்பு எனக்குப் பழக்கமானது. பதினைந்து வயதில் என் பள்ளிக்கூட வாசலைச் சொன்ன அதே ஆங்கிலம். “அப்படி ஒருவரும் இங்கே இல்லை” என்று வைத்துவிட்டேன். கீழே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைப் பூட்டினேன், திரைச்சீலைகளை இழுத்துவிட்டேன். தலையைத் துவட்டிக்கொண்டு வந்த அப்பா, “ஆர் பிள்ளை?” என்றார். “பிழையான நம்பர், அப்பா” என்றேன்.

அந்தக் கிழமை முழுவதும் ஸ்டேஷனில் கறுப்பு நிறத்தவர் யார் இறங்கினாலும் அவர் போகும்வரை தூணுக்குப் பின்னால் நின்றேன். எங்கள் மேல்மாடியில் காம்பியாவைச் சேர்ந்த ஒருவர் பல வருடங்களாகக் குடியிருக்கிறார். நான் வேலைக்குப் போகும் நாட்களில் என் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து விடுபவர். அவரைக்கூடப் படியில் கண்டு ஒதுங்கினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சரிதான். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அப்பா தினமும் தபால் பெட்டியைப் பார்த்துவிட்டு வருவார். பனி பெய்தாலும் தடியை ஊன்றிக்கொண்டு இறங்குவார். பெட்டியில் தன் பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிவிடும் என்ற இந்த நாட்டு வழக்கம் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதா? தெரியாது என்று எழுதக் கை வருகிறது. அது பொய். ஒருநாள் அவருடைய பெயரை ஒரு துண்டில் அச்சடித்துக்கூட வைத்தேன். ஒட்டப் போனபோது அந்த ஆண்குரல் காதில் கேட்டது. துண்டைக் கிழித்துப்போட்டேன். அங்கேயிருந்து எதுவும் வராமல் இருப்பதே எங்களுக்கு நல்லது என்று நினைத்தேன்.

கடைசி மாதங்களில் அப்பாவின் இருதயம் களைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒவ்வொரு நாளும், “பிள்ளை, கடிதம் வந்ததோ?” என்று கேட்டார். “இல்லையப்பா” என்றேன். இறப்பதற்கு முதல் நாளும் கேட்டார். நான் இல்லை என்றதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, “அப்ப தூக்கிலை போட்டிட்டாங்கள்” என்றார். ‘ஒருநாள் ஒரு ஆள் உங்களைக் கேட்டுப் போன் எடுத்தவர், அப்பா’ என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. நான் பொய் சொன்னதை அப்பா அறிந்துவிடுவாரே என்று பயந்து விழுங்கிவிட்டேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு அப்பாவின் மேசையை ஒதுக்கினேன். மொழிபெயர்ப்பாளருக்கு எழுதிய நான்கு கடிதங்களின் பிரதிகள் இருந்தன. அனுப்புநர் முகவரியில் தன் பெயரை மட்டுமே எழுதியிருந்தார். ‘மகளின் பராமரிப்பில்’ என்று என் பெயரையும் முகவரியில் சேர்க்க நீதிபதிக்கு என்ன தேவை? நான்காவது கடிதம் இப்படி முடிந்திருந்தது: ‘தங்களிடமிருந்து பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொள்ளலாமா?’

அப்பாவின் மறைவை அறிவித்து நான் அவருக்கு எழுதினேன். என் பெயரைக் கீழே எழுதும்போதும் பயமாகத்தான் இருந்தது. சில மாதங்கள் கழித்து ஒரு தடித்த உறை வந்தது. அதற்குள் இரண்டு பழைய உறைகள் இருந்தன. இரண்டிலும் அப்பாவின் பெயர், எங்கள் முகவரி. இரண்டின் மேலும் ‘இந்த முகவரியில் அறியப்படாதவர்’ என்று நோர்வே தபாலின் முத்திரை.

மொழிபெயர்ப்பாளர் எழுதியிருந்ததைத் தமிழில் தருகிறேன். ‘உங்கள் தந்தையார் எழுதிய அறிக்கையால் அந்த இளைஞனின் மரண தண்டனை மாற்றப்பட்டது. பல ஆண்டுகள் சிறையில் இருந்து, தச்சு வேலை கற்று, வெளியே வந்தான். இப்போது என் ஊருக்குப் பக்கத்தில் கதவும் கட்டிலும் செய்கிறான். பேரப்பிள்ளை ஒன்று உண்டு. உங்கள் தந்தையாரின் முதல் கடிதம் வந்தபோது அவனை அழைத்து எங்கள் மொழியில் வாசித்துக் காட்டினேன். அவன் அதை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னான். பிறகு, “நான் உயிரோடு இருப்பதை அந்த ஐயாவுக்கு இன்றைக்கே எழுதுங்கள், அவருக்கு வயதாகியிருக்கும்” என்றான். அன்றைக்கே எழுதினேன். திரும்பி வந்தது. மீண்டும் எழுதினேன். அதுவும் திரும்பி வந்தது. சுவீடனில் படித்துக்கொண்டிருந்த என் மருமகனை உங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னேன். அப்படி ஒருவர் அங்கே இல்லை என்று ஒரு பெண்மணி சொன்னாராம்.’

அந்தப் பெண்மணி நான்தான். அப்பாவைக் கொல்ல யாரும் தேடி வரவில்லை. அவர் காத்திருந்த பதில்தான் மூன்று முறை வந்தது, மூன்று முறையும் நான் திருப்பி அனுப்பினேன்.

அப்பாவின் கடைசி நாட்களில் பொறுமையோடு பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இறுதிக் கிரியைகளை முன்னின்று நடத்திய பெரியவர்களுக்கும், மோர்டென்ஸ்ருட்டிலிருந்தும் லில்லெஸ்ட்ரோமிலிருந்தும் சமைத்துக் கொண்டுவந்து எங்கள் பிள்ளைகளுக்கு ஊட்டிய சகோதரிகளுக்கும், அப்பாவின் பிரேதப் பெட்டியைத் தூக்கத் தோள் கொடுத்த மேல்மாடி அயலவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஓய்ந்துபோகாமல் எழுதிய மொழிபெயர்ப்பாளருக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தண்டனை சொல்லுமுன் குற்றவாளியைப் பார்த்து, ‘நீ சொல்ல ஏதும் இருக்கிறதா?’ என்று நீதிபதி கேட்பாராம். கேட்காமல் தீர்ப்பு எழுதினால் அது செல்லாதாம். என்னிடம் அதைக் கேட்க அப்பா இல்லை. கேட்டதாகவே நினைத்து, உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

பயந்திட்டன், அப்பா. வேறை ஒண்டும் இல்லை.