நேர்கோடுகளால் ஆன 'நூ'

ஸ்டீல் வெட்டும் மெஷின் திக்கித் திக்கி ஓடும் சத்தம் டிசைன் ரூம்வரை கேட்டது. கும்மிடிப்பூண்டியில், பிளாஸ்டிக் பொருள்கள் வார்க்க ஸ்டீல் அச்சு செய்யும் அந்த மோல்டு கம்பெனியில் ஆட்டோகேட் டிராயிங் போடும் வேலைக்குச் சேர்ந்து எனக்கு அது இரண்டாவது வாரம்.

பழவேற்காட்டில் மீன் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர், ஐஸ் பெட்டி மூடிக்கு மோல்டு கேட்டிருந்தார். மூடியில் 'நூர்' என்ற பெயர் எழும்பித் தெரிய வேண்டும். ஸ்டிக்கர் கடையில் செய்த லோகோவை சிடியில் கொடுத்தார். அதை அப்படியே டிராயிங்குக்குள் கொண்டுவந்தேன். 'நூ'வின் வளைவு முனை முனையாகத் தெரிந்தது. முதலாளி கவனித்துவிட்டார்.

"இன்னாமா, கர்வ் உடைஞ்சாப்ல கீது?"

"டிஸ்ப்ளே அப்படித்தான் சார் காட்டும். மெஷின்ல சரியா வந்துடும்."

ஸ்கிரீனில் வட்டம்கூடச் சில சமயம் மூலை மூலையாகத் தெரியும், திரும்ப வரையச் சொல்லும் ரீஜென் கமாண்ட் கொடுத்தால் சரியாகிவிடும் என்று படித்திருந்தேன். இதற்கு ரீஜென் கொடுத்தே பார்க்கவில்லை. புதிதாக வந்தவள், தெரியாது என்று சொல்லப் பயம்.

இப்போது ஸ்டீல் பிளாக் மெஷினில் ஏறியிருந்தது. பாய் முதலாளி அறையில் காத்திருந்தார். அவசரமாக வளைவைக் கிளிக் செய்தேன். ஒரே கோடாக இருக்க வேண்டியது குட்டிக் குட்டி நேர்கோடுகளாகக் கிடந்தது. ஒவ்வொரு முனையிலும் மெஷின் தயங்கித் திரும்பிய சத்தம்தான் அது. மெஷின் பக்கம் ஓடினேன்.

"அண்ணா, நிறுத்துங்க!"

ஆபரேட்டர் தனசேகர் அண்ணன் திரும்பினார். "பாதி ஓடிக்கினு கீது. சார் கேட்டா இன்னா சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன்ணா. டிராயிங் தப்பு."

நிறுத்தி, ஏர் அடித்துத் தூளை ஊதி, டார்ச் பிடித்துப் பார்த்தார். எழுத்தின் ஓரமெல்லாம் பட்டை பட்டையாக இருந்தது.

"மேலாப்ல வெட்ற ரஃபிங்தான் ஆயிருக்கு. ஓரத்துல கால் எம்.எம். உட்டு வெச்சிருக்கேன். சரி அளவுக்கு வெட்ற ஃபினிஷிங் போயிருந்தா பிளாக் காலி."

பாய் இருக்கும்போதே முதலாளியிடம் சொன்னேன்.

"அன்னிக்கே கேட்டனே, இன்னா சொன்ன நீ?"

பாய்தான் குறுக்கிட்டார். "உடுங்க சார், நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன். பேரு நல்லா வரணும்."

அந்தத் துண்டுக் கோடுகளை எல்லாம் அழித்துவிட்டு, ஒன்றின் முடிவில் இன்னொன்று மடங்காமல் தொடர்கிற ஆர்க் என்னும் வில்கோடுகளாக 'நூ'வைத் திரும்ப வரைந்தேன். எண்பது கோடுகளுக்கு மேல் இருந்த இடத்தில் ஒன்பதே ஆர்க். மாலையில் ஃபினிஷிங் ஓடி முடியும்வரை மெஷின் பக்கத்திலேயே நின்றேன். ஓரம் வழவழவென்று வந்தது. முதலாளி விரலால் தடவிப் பார்த்தார். அதன்பின் ஒரு மாதம், தனசேகர் அண்ணன் கையெழுத்து இல்லாமல் என் டிராயிங் எதுவும் மெஷினுக்குப் போகவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். வெளியிலிருந்து லோகோவோ எழுத்தோ வந்தால், வளைவைக் கிளிக் செய்து எத்தனை துண்டு என்று முதலில் பாருங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். நாம் சொல்லும் பதிலை நம்பித்தான் இன்னொருவர் ஸ்டீலை வெட்டுகிறார்.