பிரஷர் மீட்டருக்கு வைத்த பொட்டு

மாரிக்கண்ணன் அண்ணாச்சியைத் திமிர் பிடித்தவர் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். கூப்பிட்டால் திரும்ப மாட்டார், குட்மார்னிங் சொன்னால் பதில் வராது என்று அந்த மும்பைச் செம்பூர் அடுக்குமாடிச் சொசைட்டியில் அவர்மேல் ஆயிரம் பிராது. அட கண்ணராவியே, அந்த மனுஷனுக்குக் காது கேட்காது! அதைத் தெரிந்துவைத்திருந்தவள் நான் ஒருத்திதான்.

நான் சங்கரேஸ்வரி. சொசைட்டியின் நீச்சல் குளத்தில் பெண்கள் உடை மாற்றும் அறையைப் பார்த்துக்கொள்கிறேன். அண்ணாச்சி அதே குளத்துக்குப் பம்ப் ஆபரேட்டர். இரண்டு பேருக்கும் வீடு தாராவியில் ஒரே சந்தில்தான், ஒரே பஸ்ஸில் போய் வருவோம். ஒருநாள் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது பின்னால் ஒரு டெம்போ ஹாரனை அடித்துத் தொலைக்கிறது, இவர் பாட்டுக்கு நடுரோட்டில் போகிறார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னார்.

“சொசைட்டிக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவான் தாயி. இந்த வயசுல எவன் வேலை தருவான்? ஒங்க மதினிகிட்டயும் சொல்லிராத. அவ அழுதே சந்து பூரா தெரிய வச்சிருவா.”

“காது கேக்காம மோட்டார எப்படி அண்ணாச்சி பாக்கிய?” என்று கேட்டேன். என் வாயசைவைப் பார்த்தே புரிந்துகொண்டவர், வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் என்னைப் பம்ப் ரூமுக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு தொட்டி, அதன் வயிறு நிறைய மணல். குளத்துத் தண்ணீரை மோட்டார் அதற்குள் தள்ளும். அழுக்கு மணலில் தங்க, தெளிந்த தண்ணீர் குளத்துக்குத் திரும்பும். தொட்டியின் தலைமாட்டில் சின்னக் கடிகாரம் போல ஒரு பிரஷர் மீட்டர், அதில் ஒரே ஒரு முள்.

“மணல் சுத்தமா இருந்தா முள்ளு கீழ நிக்கும். அழுக்கு அடைக்க அடைக்கத் தண்ணி போக வழியில்லாம உள்ள முட்டும், முள்ளு மேல ஏறும். டீ வடிகட்டியில தூள் அடைச்சுக்கிட்டா நிக்கும்லா, அதான். ஒடனே மோட்டார நிறுத்தி, தண்ணிய எதுத்தாப்புல விட்டு மணலக் கழுவணும். விட்டா கொளம் கலங்கிரும், அமுக்கம் கூடி எங்கயாவது பிச்சுக்கிட்டும் போயிரும்.”

“தெனமும் கழுவிர வேண்டியதான?”

“அம்புட்டுத் தண்ணியும் சாக்கடைக்குல்லா போவும்! டேங்கர் தண்ணி, சொசைட்டி சும்மா விடுமா? முள்ளு சொன்னாத்தான் கழுவணும். காதுள்ளவன் சத்தம் மாறுததை வச்சே கண்டுபுடிச்சிருவான். எனக்கு இந்த முள்ளுதான் காது.”

அப்படித்தான் இரண்டு வருஷம் ஓட்டினார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் அவர் வீட்டுக்காரி செண்பகவல்லி மதினி என்னிடம் வந்து மூக்கைச் சிந்துவாள். “நான் கூப்புட்டா அவிய ஏன்னு கேக்க மாட்டேங்காவ சங்கரி. எம்மேல என்ன வெறுப்போ தெரியல.” நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்பேன். சத்தியம் பண்ணித் தொலைத்திருந்தேனே!

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மதினி பொரி, சுண்டலோடு பம்ப் ரூமுக்கே வந்துவிட்டாள். மோட்டாருக்குப் பொட்டு, சுவிட்சு போர்டுக்குப் பொட்டு, தொட்டிக்கு மாலை. மீட்டர் வட்டமாக முகம் போல இருந்ததோ இல்லையோ, அதன் கண்ணாடியில் மூன்று விரலால் திருநீற்றுப் பட்டை தீட்டி, நடுவில் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தாள். “நாள் பூரா ஒன் மூஞ்சியத்தான பாத்துக்கிட்டு இருக்காவ, நீயாவது நல்லாயிரு” என்று அதனிடம் சொன்னாள். அண்ணாச்சி பின்னால்தான் கைகூப்பி நின்றார். அவருக்கு எங்கே கேட்கும்?

மறுநாள், “அண்ணாச்சி, கண்ணாடிய மட்டும் தொடச்சிருங்க” என்றேன், அவர் முகத்துக்கு நேராக நின்று.

“பூசை வச்ச பொட்ட அழிக்கப்பிடாது தாயி. அதுவும் வல்லி கையால வச்சது. தானா உதுந்துரும். ஓரத்துல லேசாத் தெரியத்தான் செய்யுது.”

என்ன தெரிந்தது! பம்ப் ரூம் ஈரத்தில் சந்தனம் உதிரவே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள், சொசைட்டிப் பிள்ளைகள் அத்தனையும் காலையிலிருந்து குளத்தில்தான். எண்ணெய்த் தலையும் கிரீம் பூசிய உடம்புமாக இறங்கினால் மணல் என்ன செய்யும்? நாலாம் நாள் ஒரு பிள்ளை, “ஆன்டி, பானி கந்தா ஹை!” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறி வந்தது. தண்ணீர் அழுக்காம்.

செக்ரட்டரி வேங்கடசுப்ரமணியன் விறுவிறுவென்று பம்ப் ரூமுக்கு இறங்கினார். இதே ஊர் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். நானும் பின்னால் ஓடினேன். படிக்கட்டிலேயே பைப்பு திமிறுகிற சத்தம் காதைப் பிய்த்தது. அண்ணாச்சியோ முதுகைக் காட்டிக்கொண்டு நிம்மதியாகத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மாரிக்கண்ணன்! மோட்டரை நிறுத்துங்கோ!”

அவர் திரும்பவில்லை. செக்ரட்டரி இன்னொரு முறை கத்தி முடிப்பதற்குள் பைப்பு இணைப்பு ஒன்று படீரென்று கழன்று, தண்ணீர் அண்ணாச்சியின் முதுகில் அறைந்தது. நான் பாய்ந்து சுவிட்சை அணைத்தேன். தொப்பலாக நனைந்த பிறகுதான் மனுஷன் திரும்பிப் பார்த்தார்.

“இவ்ளோ கத்தறேனே, காதுலயே விழலையா?”

வாயசைவிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, “விழாது சார். ரெண்டு வருசமா விழாது” என்றார்.

“அப்போ மீட்டரைப் பாக்கறதுதானே? இது என்ன, விபூதி?”

“எம் பொஞ்சாதி வச்சது சார். அழிக்க மனசு வரல.”

எனக்குப் பொறுக்கவில்லை. “இத்தன நாளும் காது இல்லாமத்தான சார் குளத்தச் சுத்தமா வச்சிருந்தாரு? ஒருநாளாவது கலங்கிச்சா?” என்று கத்தியேவிட்டேன்.

“இன்னைக்கு பைப்பு அவர் தலையிலயே விழுந்திருந்தா யாரும்மா பதில் சொல்றது?” என்றார் செக்ரட்டரி. “ஆத்துக்காரியை வரச் சொல்லுங்கோ, பேசலாம்.”

மறுநாள் மதினி பம்ப் ரூமுக்கு வந்தாள். புருஷனுக்குக் காது போய்விட்டது என்று செக்ரட்டரி பக்குவமாகத்தான் சொன்னார். அழுது ஊரைக் கூட்டுவாள் என்று நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவளோ என் கையைத் தட்டிவிட்டாள்.

“காது கேக்கலையா? அப்பம் எம்மேல கோவம் இல்லையா?”

செக்ரட்டரிக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிற்று. இரண்டு வருஷமாக அவள் தின்ற சோறு உடம்பில் ஒட்டாததற்குக் காரணம் அந்த ஒரு கேள்விதான்.

செக்ரட்டரி சுவிட்சு போர்டுப் பக்கம் போய்ப் பார்த்தார். “அவர் வேலையிலயே இருக்கட்டும். மேலேந்து பெல் அடிச்சா இங்க எரியற மாதிரி ஒரு லைட் போட்டுடலாம். காது டாக்டரையும் பாக்கச் சொல்லுங்கோ. மீட்டர்ல மட்டும் இனிமே ஒண்ணும் பூசப்படாது” என்றார்.

மதினி நேரே தொட்டியிடம் போய், முந்தானையால் மீட்டரை அழுத்தித் துடைத்தாள். “ஏ, பூசைப் பொட்டு!” என்று அண்ணாச்சி பதறினார். அவள் திரும்பி அவர் முன்னால் வந்து, இரண்டு கையாலும் அவர் முகத்தைத் தன் பக்கம் பிடித்துக்கொண்டாள்.

“கோட்டிக்கார மனுசா, எங்கிட்டச் சொன்னா என்ன?”

அண்ணாச்சி அவள் உதட்டையே பார்த்தார். முள்ளைப் பார்க்கிற அதே கவனம்.

“இன்னொரு தடவ சொல்லு” என்றார்.