அண்ணன் முகத்துக்கு ஒரு கல்

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே இரண்டாம் மாடி வீட்டின் சமையலறை மேடையில், ஷாஹுல் ஹமீது ஈரத்துணியை விரித்து அதன்மேல் மூன்று கற்களை வைத்திருந்தார். பெல்ஜியத்து மஞ்சள் கல், ஜெர்மனியிலிருந்து வந்த பச்சைக் கல், தரைக்குப் போட்டு மிஞ்சிய கடப்பாக் கல். மூன்றிலும் ஒரே சவரக்கத்தியைத் தீட்டிப் பார்ப்பதுதான் அந்த வாரம் முழுக்க அவர் வேலை. தோள்பட்டை இற்றுப்போயிருந்தது.

போன வெள்ளிக்கிழமை அடையாறில் அண்ணன் ஷரஃபுதீனுக்குச் சவரம் செய்யும்போது கன்னத்தைக் கீறிவிட்டார். பக்கவாதத்தில் படுத்த அண்ணனுக்கு இடப்பக்கம் முழுக்க மரத்துப்போயிருந்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வேறு. சின்னக் கீறல்கூடத் துண்டை நனைத்துவிடும். வலி தெரியாததால் அவர் பாட்டுக்கு ஏதோ பழைய வம்பைச் சொல்லிக்கொண்டிருந்தார். கழுத்தில் ரத்தம் வழிவதை முதலில் பார்த்தவள் அண்ணனின் மருமகள் புஷ்ரா.

"சின்ன மாமா, இன்னொரு தபா இப்படி ஆச்சுன்னா டாக்டர் என்னைத்தான் திட்டுவாரு. ஒரு ஆளை வச்சு மிஷின்ல எடுத்துடலாம்," என்றாள் பஞ்சை அழுத்திக்கொண்டே.

"மிஷின் பட்டா எனக்கு மூஞ்சி பூரா கொப்புளம் வரும். ஹமீது வந்துக்கினுதானே கீறான்? நீ போய் டீ போடு," என்று அண்ணன் கட்டிலிலிருந்து அதட்டினார்.

இன்னொரு முறை ரத்தம் வந்தால் புஷ்ரா விடமாட்டாள். ஹமீதுக்கு அது நன்றாகவே தெரிந்தது.

அண்ணன் கறிக்கடைக்காரர். தம்பி தி.நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில் லென்ஸ் தேய்த்தே தலை நரைத்தவர். அண்ணன் தெருமுனைவரை கேட்கப் பேசுவார். தம்பி கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். பல வருஷங்கள் இருவரும் பெருநாளைக்குப் பெருநாள் கட்டித் தழுவிக்கொண்டதோடு சரி. அண்ணன் படுத்த பிறகுதான் வெள்ளிக்கிழமைச் சவரம் வந்தது. ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் போக முடியாவிட்டாலும் அன்று முகம் மழமழவென்று இருக்க வேண்டும் அண்ணனுக்கு.

கத்தி இழுக்கிறது என்றால் கல் சரியில்லை. ஹமீது அப்படித்தான் முடிவு கட்டினார். மஞ்சள் கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பால்போலக் குழம்பு எழும்பும். அது சீக்கிரம் அறுக்கும், ஆனால் கூர் கொஞ்சம் முரடு. பச்சைக் கல் மெதுவாகத்தான் வேலை செய்யும்; பொறுமை இருந்தால் பட்டுப்போன்ற கூர் கிடைக்கும். கடப்பாக் கல்லைப் பற்றி நல்லது சொல்ல அவருக்கு ஒன்றுமில்லை. இருந்தாலும் ஒப்பிட ஆரம்பித்தபின் ஒன்றை மட்டும் ஒதுக்குவது முறையில்லை என்று அதையும் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு கல்லிலும் தீட்டி, கழுவித் துடைத்து, பழைய கடை லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

மூன்றிலும் ஒரே குறை. கைப்பிடிப் பக்கத்தில் ஒரு விரற்கடை அளவுக்குக் கூர் மழுங்கியிருந்தது.

லென்ஸ் பட்டறையில் எல்லாக் கண்ணாடியும் ஒரேமாதிரி கோணினால், தேய்க்கும் தட்டுதான் தேய்ந்திருக்கும். தட்டைச் சரிசெய்தால் போதும். அந்தப் பழக்கத்தில் அவர் கற்களைத்தான் சந்தேகப்பட்டார். தடித்த கண்ணாடிப் பலகையில் லென்ஸ் தேய்க்கும் தூளைத் தூவி, மூன்று கற்களின் முகத்தையும் மட்டமாகத் தேய்த்தார். திரும்பத் தீட்டினார். அதே இடத்தில் அதே மழுங்கல். திரும்பக் கல்லை மட்டம் செய்தார். இப்படியே வியாழக்கிழமை மாலை வந்துவிட்டது. அடுப்படியில் சாம்பல் நிறக் கற்குழம்பு வழிந்து கிடந்தது.

"சோறு வடிக்கணும். நீங்க நவுறப்போறீங்களா, நான் ஓட்டல்ல வாங்கிக்கட்டுமா?" என்றாள் மனைவி ஷாகிரா.

"இந்தக் கல்லு மூணும் மோசம், ஷாகிரா."

"ஜெர்மனிக்காரனும் மோசம், கடப்பாக்காரனும் மோசம். உங்களை ஏமாத்தணும்னு எல்லாரும் சேர்ந்து பேசிக்கினாங்களா?" அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "குடுங்க இப்படி. எப்படித் தேய்க்கணும்னு மட்டும் சொல்லுங்க. உக்காருங்க கொஞ்சம்."

களைப்பில் அவர் மறுக்கவில்லை. கத்தியின் முதுகும் வாயும் சேர்ந்தாற்போல் கல்லில் படிய வேண்டும், அழுத்தக் கூடாது என்று மட்டும் சொன்னார். அவள் பச்சைக் கல்லில் சாவகாசமாகத் தள்ளினாள், இழுத்தாள். நடுவில் பால் பாக்கெட்காரப் பெண்ணோடு ஜன்னல் வழியாகப் பேசினாள். பிறகு கத்தியைக் கழுவி நீட்டினாள்.

ஹமீது லென்ஸை வைத்துப் பார்த்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே கோடு. மழுங்கல் இல்லை.

கல்லை மாற்றினார், தண்ணீரை மாற்றினார், தீட்டியபின் கத்தியைத் தடவும் தோல்வாரைக்கூட மாற்றினார். கையை மட்டும் மாற்றிப் பார்க்கவே இல்லை. வலது கையை மேடையின்மேல் நீட்டினார். சும்மா இருக்கும்போது அசையவில்லை. கத்தியைப் பிடித்துக் கல்லில் தள்ளியதும் மணிக்கட்டு மெல்லத் தூக்கித் தூக்கிப் போட்டது.

ஷாகிரா பார்த்துக்கொண்டிருந்தாள். "வாராவாரம் நானே தீட்டிக் குடுக்கறேன்," என்றாள், குரலைத் தாழ்த்தி.

"தீட்டிக் குடுப்பே. அவர் கன்னத்துல அதை ஓட்டறது எந்தக் கை?"

அவள் அரிசி களைய ஆரம்பித்தாள். அவர் கற்களைக் கழுவிக் காயவைத்தார்.

மறுநாள் ஷேர் ஆட்டோவில் நசுங்கியபடி அடையாறு போனார். புஷ்ரா வெந்நீரும் துண்டும் எடுத்து வைத்திருந்தாள். அண்ணன் தாடையைத் தூக்கிக்கொண்டு தயாராக இருந்தார். ஹமீது நாற்காலியில் உட்கார்ந்தார், பையைத் திறக்கவில்லை.

"அண்ணே, இன்னிக்கு வேணாம். என் கை நடுங்குது. அன்னைக்கு வெட்டினது கத்தி இல்ல, நான்தான்."

ஷரஃபுதீன் தாடையை இறக்கினார். "இதைச் சொல்லத்தான் இவ்ளோ தூரம் வந்தியா? எனக்கு ரம்ஜான்லேர்ந்தே தெரியும்டா. லெஃப்டு சைடு செத்துப்போச்சு, சரி. ரைட்டு சைடு உயிரோடதானே கீது? கோழிக்கு இறக்கை புடுங்கற மாதிரி புடுங்கினு இருந்தே."

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீ வரமாட்டியே! சவரமும் இல்லன்னா நீ இன்னாத்துக்கு வரப்போறே? திரும்பப் பெருநாளைக்குத்தான்."

வாசற்படியில் நின்ற புஷ்ரா துண்டை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"தாடி விட்டுடறேன் போ," என்றார் அண்ணன். "இத்தினி வருஷம் ஆடு அறுத்தவன்னு ஒருத்தனும் மதிக்கல. தாடி வச்சா ஹஜ்ரத்னு நினைச்சு சலாம் சொல்லுவானுங்க."

வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. சவரம் முடிந்திருந்தால் இந்நேரம் ஹமீது எழுந்திருப்பார். இன்று எழ மனமில்லாமல் உட்கார்ந்தே இருந்தார்.

"ஷாகிரா கால்வலி எப்படிக் கீது?" என்று கேட்டார் அண்ணன்.

ஹமீது சொல்ல ஆரம்பித்தார்.