ஒரு மூடி சளி மருந்து

லூர்துமேரி பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் அழுவதில்லை. மரக்காணம் உப்பளத்துக்குப் போகும் பெண்களுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று வேண்டியிருக்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரி முடிக்க வேண்டும் என்பதால், அதிகாலை நாலரைக்கே ஐந்து பிள்ளைகள் அவள் வீட்டுக்கு வந்துவிடும். ஐந்து மணிக்கு ஆளுக்கொரு மூடி சளி மருந்து. சளி இருக்க வேண்டிய அவசியமில்லை. குடித்தால் பத்து மணிவரை தூக்கம்.

சுத்தக்காரி. மூடியை வெந்நீரில் கழுவாமல் அடுத்த வாய்க்குக் கொண்டுபோக மாட்டாள். நாலு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று பாட்டில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் சொன்னது. அவளிடம் இருந்ததிலேயே மூத்தவனுக்கு மூன்று வயது. அவனுக்கும் ஆங்கிலம் தெரியாது.

ஒரு கண்டிப்பு உண்டு. மூக்கு ஒழுகும் பிள்ளையைச் சேர்க்க மாட்டாள். ஒரு பிள்ளைக்கு வந்தால் ஐந்துக்கும் வருமாம். சளி மருந்தைத் தினமும் கொடுப்பவள் சளியை மட்டும் வாசலிலேயே மறித்தாள்.

அன்று பிரியங்கா தன் பதினாலு மாத ஜெனிஷைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"மூக்கு ஒழுவுதாடி?"

"இல்லக்கா. பாருங்க, காஞ்சி கெடக்குது."

காய்ந்துதான் கிடந்தது. அதே மருந்தை நாலு மணிக்கே வீட்டில் இரண்டு மூடி ஊற்றிவிட்டு வந்திருந்தாள். ஒரு நாள் நின்றால் மேஸ்திரி வேறு ஆளை இறக்கிவிடுவார்.

"இப்பவே தூங்குறான், சமத்து" என்றாள் லூர்துமேரி. ஆனாலும் எழுப்பி, வழக்கமான மூடியைப் புகட்டினாள். ஒருத்தன் எட்டு மணிக்கு விழித்தால் மற்ற நாலையும் கூட்டு சேர்த்துவிடுவான் என்பது அவள் அனுபவம்.

ஒன்பதரைக்கு அவன் உதடு நீலம் பாரித்திருந்தது.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினாள். பிரியங்கா உப்புத் தண்ணீர் காயாத காலோடு வந்து சேர்ந்தாள்.

"என்ன மருந்து குடுத்தீங்க? சொன்னாதாம்மா ஏதாவது பண்ண முடியும்" என்றார் டாக்டர்.

லூர்துமேரி திரும்பிப் பார்த்தாள். கதவோரம் மற்ற நாலு தாய்மாரும் நின்றிருந்தார்கள். பிரியங்கா லூர்துமேரியைப் பார்த்தாள்.

"ஒண்ணும் குடுக்கலீங்க" என்றாள் லூர்துமேரி.

"பாலு மட்டுந்தாங்க" என்றாள் பிரியங்கா.

இரண்டு வாய் ஒன்றையே சொன்னதால் டாக்டர் நம்பினார். வேறு காரணம் தேடினார். பதினொன்றரைக்குத் தேடுவதை நிறுத்தினார்.

கல்லறையில் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். தான் ஒருத்தியே கொன்றதாக ஒவ்வொருத்தியும் நம்பினாள்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லக்கா."

"உன் மேலயும் இல்லடி."

இருவருமே அதை மனதாரச் சொன்னார்கள்.