கேட்காமல் துடைப்பவர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் துடைப்பம் என்று பெயர். அவருக்கு அதில் கோபமே கிடையாது, உள்ளூரப் பெருமை. நானும் அங்கேதான், அவருக்கு அடுத்த மேசையில் காலந்தள்ளுகிறேன்.

அவர் எழுதிய ஒரு கட்டளையால் வந்த பட்டம் அது. கணினியில் கட்டளைகளுக்கென்று இருக்கும் கறுப்புத் திரையைத் திறந்து அதைத் தட்டினால் ஒரு தற்காலிகக் கோப்புறை உண்டாகும். எதை வேண்டுமானாலும் அதற்குள் போட்டுச் சோதித்துப் பார்க்கலாம். திரையை மூடினால் கோப்புறையும் அதில் இருப்பதும் அடியோடு போய்விடும். நல்ல சாமான்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். 'சோதனை', 'சோதனை புதுசு', 'சோதனை கடைசி' என்று எங்கள் கணினிகளில் மண்டிக் கிடந்ததெல்லாம் அதனால்தான் ஒழிந்தது.

முதலில் அது 'அழிக்கட்டுமா?' என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டிருந்தது. அதையும் தூக்கிவிட்டார். திருப்பி வையுங்கள் என்று பாதி அலுவலகம் கெஞ்சியது. "பயந்தவங்களுக்காக நான் எழுதலை" என்றார்.

வீட்டிலும் இதே லட்சணம்தான். அக்கா பாதி குடித்து வைத்த காப்பியை, அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் கொட்டிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்திருப்பார். குளிர்சாதனப் பெட்டியின் உத்தரவாத அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, அது பழுதான அன்று அட்டை எங்கே என்று அக்காவையே அதட்டிய மகான்.

அக்கா கட்டட வரைபடம் போடுபவள். பிள்ளை பிறந்ததும் விட்ட வேலைக்குத் திரும்பப் பார்த்தாள். ஒரு நிறுவனம் மாதிரிக்கு ஒரு வீட்டின் முழு வரைபடங்களையும் கேட்டது. சாப்பாட்டு மேசை ஓரத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்தாள். அனுப்பவேண்டிய கடைசி நாளன்று, கோப்பு பெரிதாக இருக்கிறதென்று அவர்களுடைய தளம் வாங்க மறுத்தது. அன்று நானும் அங்கே இருந்தேன்.

"ஏங்க, இதைக் கொஞ்சம் சின்னதாக்கித் தர்றீங்களா?"

மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அக்காவின் கணினியிலும் போட்டுவைத்திருந்த தன் கட்டளையைத் தட்டினார். வரைபடங்களை நகல் எடுக்காமல் அப்படியே அந்தக் கோப்புறைக்குள் நகர்த்தினார்.

"நகல் எடுத்துக்கலாமே மாமா" என்றேன்.

"எதுக்கு? ஒண்ணுக்கு ரெண்டா கிடக்கவா?"

சுருக்கினார். "பாரு, எவ்வளவு சின்னதாயிடுச்சு" என்று எங்களுக்குக் காட்டினார். காட்டிவிட்டு, கைப்பழக்கத்தில் கறுப்புத் திரையை மூடினார்.

"எங்க வச்சிருக்கீங்க?" என்று அக்கா கேட்டாள்.

அவர் அவசரமாகத் திரையை மறுபடி திறந்து பார்த்தார், கோப்புறை இல்லை.

"பென் டிரைவ்ல ஒண்ணு வச்சிருந்தேனே, அதாவது இருக்கா?"

"போன வாரம் துடைச்சேன். ரெண்டும் ஒண்ணுதானேன்னு."

"இதைத் திருப்பி எடுக்கவே முடியாதா?"

"முடியாது. சுவடே இல்லாம அழிச்சிடும். அப்படித்தான் எழுதியிருக்கேன்."

கடைசி வாக்கியத்தில் அப்போதும் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது. மாமா முறை என்று பார்க்காமல் ஓர் அறை விட்டிருப்பேன், அக்காவின் முகத்தைப் பார்த்துக் கையை அடக்கிக்கொண்டேன். அவகாசம் கேட்டு அவள் எழுதினாள். வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

அடுத்த வாரம் அலுவலகத்தில் எல்லோருக்கும் மாமாவிடமிருந்து ஒரு மின்னஞ்சல். 'பயனர் ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க, அழிக்கும் முன் கேட்கும் வசதி சேர்க்கப்பட்டுள்ளது.' ஆளாளுக்குப் பாராட்டினார்கள். மேலாளர், பயனர்களை மதிப்பது எப்படி என்று இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார்.

சாயங்காலம் போய் அக்காவிடம் அந்த மின்னஞ்சலைக் காட்டினேன். வேறெங்காவது காட்டலாமென்று வரைபடத்தை முதலிலிருந்து போட்டுக்கொண்டிருந்தவள், நிறுத்திப் படித்தாள். மாமா உள்ளே வந்தார்.

"பயனர் ஒருவர்னு போட்டிருக்கீங்களே, அது நான்தானே?"

"சும்மா, வழக்கமா அப்படித்தான் எழுதறது."

"நான் வேண்டுகோள் எதுவும் வைக்கலையே. எனக்கு வேலை போச்சு. அதைப் போட்டிருக்கலாமே."

மேசையில் பாதிக் காப்பியோடு இருந்த அவளுடைய கோப்பையை எடுக்கப் போனவர், தொடாமல் நின்றார்.

"இதை எடுக்கட்டுமா?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"காப்பியை எடுக்க மட்டும் கேக்கத் தோணுது உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, அக்கா விட்ட கோட்டிலிருந்து வரையத் தொடங்கினாள்.