ஆராய்ச்சிக்கு முதல் மொய்

கல்யாணமே ஆகாதவன் வீட்டுக் காதுகுத்துக்கு முன்கூட்டியே மொய் எழுதி வைப்பது போன்றது எங்கள் அலுவலகத்தின் தொழில். வரலாறு, மொழி, கல்வெட்டு என்று ஆராய்கிறவர்கள், அதைக் கணினியிலோ கைபேசியிலோ புதுவிதமாகச் செய்யப் போகிறோம் என்று வருவார்கள். கையில் ஒன்றும் இருக்காது. யோசனை மட்டும் இருக்கும். அந்த யோசனைக்கு முதல் பணம் கொடுப்பவர்கள் நாங்கள். நாங்கள் என்றால், போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் எங்கள் முதலாளி. அவர் ஆரம்பித்த அறக்கட்டளையை நடத்தும் காதர் சார், உத்தமபாளையத்துக்காரர், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். அப்புறம் டீ போட, கதவு திறக்க, வெளியூர் ஆட்களுக்கு வழி காட்ட, எட்டாவதோடு படிப்பை விட்ட நான்.

அல்லிநகரத்தில் ஒரு மாடியில் அலுவலகம். இதற்கு முன்னால் முதலாளியின் கொட்டகையில் தரையில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். முழங்கால் கெட்டுப்போன பிறகு இங்கே ஒரு நாற்காலி கிடைத்தது. போன வருடத் தொடக்கத்தில் முதலாளி வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். "வருசக் கடைசில ஒண்ணாச்சும் ஓடணும் சார். இல்லேன்னா இந்த மாடிய குடோனாக்கிருவேன். காய் போட எடம் பத்தல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போய்விட்டார், கவலை என்னிடம் தங்கிவிட்டது. மறுபடி தரையில் உட்கார என் முழங்கால் சம்மதிக்காது. மேலே இருப்பவர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்ல, கீழே இருப்பவர் வருடம் முழுக்க அதையே சுமந்துகொண்டு திரிந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

சாம்பிள் எங்கே?

முதலாளி தன் வாழ்நாளில் எதையும் பார்க்காமல் வாங்கியவர் இல்லை. ஏலத்தில் சின்னத் தட்டில் மாதிரிக்காய் வரும். நிறம் பார்ப்பார், ஒன்றை நசுக்கி மோந்து பார்ப்பார், அப்புறம்தான் விலை. நேர்காணலுக்கு வந்தவர்களிடமும் உள்ளங்கையை நீட்டி, "சாம்பிள் எங்க?" என்று கேட்டார். இது யோசனை நிலையில் இருக்கிறது என்று காதர் சார் விளக்கினார். யோசனையை எப்படி நசுக்கிப் பார்ப்பது என்று முதலாளிக்கு விளங்கவில்லை.

கடைசியில் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கிவிட்டார். ஓர் ஊருக்குள் நடந்துபோனால் அந்தந்த இடத்தின் வரலாற்றைக் கைபேசியே சொல்லும்படி செய்வோம் என்று இரண்டு பேர் வந்திருந்தார்கள். "யாரு வெரசா முடிப்பீக?" என்று ஏலத்தை ஆரம்பித்தார். ஒருவர் இரண்டு வருடம் என்றார். மதுரையிலிருந்து வந்த பிரபு ஒன்றரை என்றார். ஒன்று, முக்கால் என்று இறங்கி இறங்கி, அரை வருடத்தில் பிரபுவுக்கே முடிந்தது. காதர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். வெளியே வந்த பிரபுவுக்குத் தண்ணீர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு அவர் சொன்னார்: "ஜெயிச்சுட்டேன்க்கா. ஆனா என்ன செய்யறதா ஒத்துக்கிட்டேன்னுதான் ஞாபகம் வரல."

எல்லாரும் நல்லா இருக்காகளா?

இரண்டாவது பணம் சரவணனுக்குப் போனது. போரில் செத்த வீரனுக்கு அந்தக் காலத்தில் நட்டுவைத்த கற்கள் எங்கள் பக்கம் தோட்டங்களுக்குள் நிற்கும். அவற்றைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, கணினிக்குள் அதே கல்லை உருவாக்கித் திருப்பித் திருப்பிக் காட்டுவது அவர் திட்டம். சின்னமனூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குக் கூட்டிப்போனேன். கல் இருந்தது. அதன்மேல் தலைமுறை தலைமுறையாகத் தடவிய எண்ணெயும் இருந்தது. படத்தில் எங்கு பார்த்தாலும் பளபளப்பு. கணினி அதைக் கல் என்று நம்பவே மாட்டேன் என்றது. எண்ணெயைத் துடைக்கலாமா என்று சரவணன் மெதுவாகக் கேட்டார்.

தோப்புக்காரர் கோபப்படவில்லை. "தெனமும் பூசை உண்டு தம்பி. ஊருக்குள்ள சாவு விழுந்தாத்தான் நிக்கும். அன்னைக்கு வேணா தொடச்சுக்கங்க. நம்பர் குடுத்துட்டுப் போங்க, விழுந்தா சொல்றேன்" என்றார். சரவணன் கொடுத்துவிட்டு வந்தார். 'உகந்த களச்சூழலுக்காகக் காத்திருக்கிறோம்' என்று அறிக்கையும் எழுதினார். கொஞ்ச நாள் கழித்துத் தோப்புக்காரரைத் தேனி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்தத் தம்பி தெனம் போன் போட்டு எல்லாரும் நல்லா இருக்காகளான்னு கேக்குறாரு ஆத்தா. நல்லா இருக்கோம்னு சொன்னா, பாவம், அவருக்குக் கொரலே எறங்கிப்போகுது."

கற்றுக்கொண்டவை

எங்கள் தொழிலில் தோல்வி என்ற சொல்லே கிடையாது. ஆரம்ப நிலை ஆராய்ச்சி என்றால் பாதி ஓடாது, அது தெரிந்துதான் பணம் கொடுக்கிறோம் என்பார் காதர் சார். ஓடாததைக் 'கற்றுக்கொண்டவை' என்ற தலைப்பில் எழுத வேண்டும். அந்தத் தலைப்பு மாதத்துக்கு மாதம் நீண்டுகொண்டே போனது. குடோன் நினைப்பில் எனக்கு அடுப்பும் தெரியவில்லை, அடுப்பில் இருப்பதும் தெரியவில்லை. ஒரு நாள் பால் பாத்திரம் கருகிவிட்டது. "பரவாயில்ல சார், கத்துக்கிட்டேன்னு எழுதிக்கங்க" என்றேன். காதர் சார் சிரிக்காமல் சொன்னார்: "பால் விசயத்துல மட்டும் அது தோல்விதாம்மா."

டிவி மாதிரி பேசுங்க

மூன்றாவது பணம் மேகமலைக்கு. தேயிலை பறிக்கும் பெண்கள் எப்படிப் பேசுகிறார்களோ அப்படியே பதிவுசெய்து, பேசப் பேச எழுத்தாக்கும் கருவியைப் பழக்க வேண்டும் என்று சென்னையிலிருந்து தேன்மொழி என்ற பெண் வந்தாள். சின்னமனூரிலிருந்து அந்த மலைப்பாதையில் ஏறினால் வயிற்றில் இருப்பது வாய்க்கு வரும். எனக்கு வந்தது. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டு வாசலில் பெண்கள் கூடினார்கள். அவர்களில் பேச்சி என்பவளுக்கு வாயைத் திறக்கச் சொல்ல வேண்டியதே இல்லை. அவர்களை வேலை வாங்கும் மேஸ்திரியின் வண்டவாளத்தை எடுத்துவிட்டாள். நாங்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கருவியின் திரையில் மட்டும் ஒன்றும் எழுதப்படவில்லை. அது நகரத்துப் பேச்சில் பழகிய பிள்ளை.

தேன்மொழிக்கு வியர்த்தது. முதல் அறிக்கையில் சில பக்கங்களாவது வேண்டும் என்று காதர் சார் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த அவசரத்தில், "அம்மா, டிவி நியூஸ்ல வாசிப்பாங்கல்ல, அப்படித் தெளிவா பேசுறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. குடோன் பயத்தில், "பேசு பேச்சி, உனக்கென்ன கொறஞ்சு போகுது" என்று நானும் சேர்ந்து நச்சரித்தேன். பேச்சி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்: "எங்க பேச்சப் பிடிக்கத்தான் வந்தேன்னு சொன்ன. இப்ப அத விட்டுட்டு வேற பேச்சுப் பேசுங்கிற. அந்தப் பேச்ச நீயே பேசு ஆத்தா, நாங்க சுத்தி நின்னு கை தட்டுறோம்."

மலைக்கு அந்தப் பக்கம்

பிரபு சொன்ன நாளில் முடித்துவிட்டார். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. தேவாரத்துக் கடைவீதியில் காதர் சாருக்கும் எனக்கும் காட்டக் கைபேசியை நீட்டிக்கொண்டு நடந்தார். மலைமேல் இருக்கிற கேரளத்துக் கோபுரத்திலிருந்து அலை இறங்கி வந்து அந்தப் பக்கத்துக் கைபேசிகளைப் பிடித்துக்கொள்வது அங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். பிரபுவின் செயலிக்குத் தெரியாது. நாங்கள் மலைக்கு அந்தப் பக்கம் நிற்பதாக முடிவுகட்டி, மலையாளத்தில் வணக்கம் சொல்லி, அங்குள்ள ராஜாக்களின் பெருமையைச் சத்தமாக ஆரம்பித்தது.

கூட்டம் சேர்ந்துவிட்டது. மலையாளம் தெரிந்தவர் ஒருவர் வரிக்கு வரி தமிழில் சொல்ல, இந்தக் கடைவீதி யார் ராஜ்ஜியத்தில் இருக்கிறது என்று இரண்டு பேருக்கு வாக்குவாதமே வந்தது. உரக்கடைக்காரர் கல்லாவை விட்டு இறங்கி வந்து, பிரபுவின் கைபேசியைத் தன் கையால் அணைத்தார். "எல்லத் தகராற எங்க பெரியவுக எப்பவோ பேசி முடிச்சுட்டாக தம்பி. நீங்க போன்ல மறுபடி ஆரம்பிச்சு வைக்காதீக."

தட்டும் பத்திரிகையும்

வருடக் கடைசியில் மூன்றையும் ஒரு மண்டபத்தில் ஓட்டிக் காட்ட ஏற்பாடானது. அன்று காலையிலேயே அலுவலக மாடிப்படியில் காய் போடும் சாக்குகள் வந்து இறங்கிவிட்டன. முதலாளி முடிவெடுத்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. போடி கடைத்தெருவில் அழைப்பு வைக்க என்னைத்தான் அனுப்பியிருந்தார்கள். எங்கள் பக்கம் தட்டில் வெற்றிலை பாக்கு, கல்கண்டோடு கடை கடையாகப் போக வேண்டும். ஒரு கடையைத் தாண்டிவிட்டு அடுத்த கடைக்குள் ஏறினால் தெருவே பார்க்கும். முதலாளிக்கும் அவருடைய பங்காளிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அந்தப் பங்காளியின் கடை நடுவில் இருக்கிறது. அவரோ வாசலில் நின்று என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்வது? வைத்துவிட்டேன்.

பங்காளி வந்தார். வந்தவர் முதல் வரிசையில் உட்கார்ந்தார். முதலாளி மேடையிலிருந்து அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். தேன்மொழியின் கருவி முன்னால் முதலாளியே நின்று வரவேற்புரை சொன்னார். திரையில் ஓர் எழுத்துகூட விழவில்லை. சரவணனின் கல் கரைந்த சோப்பு மாதிரிச் சுழன்றது. பிரபுவின் செயலி, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை என்று எங்களிடமே சொன்னது. பங்காளி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, பொத்தாத சத்தத்தில் சிரித்தார். "என்னப்பா, பூவே எடுக்கல, அதுக்குள்ள காய்ப்பு பாக்கக் கூப்பிட்டயா?"

முதலாளி ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார். அறக்கட்டளையை மூடுவதாகச் சொல்லத்தான் அவர் ஒரு காகிதம் வைத்திருந்தார் என்று காதர் சார் பிறகு சொன்னார். அந்தக் காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, அடுத்த வருடம் இதைப் போல இரண்டு மடங்கு ஆராய்ச்சிகளுக்குப் பணம் உண்டு என்று அறிவித்தார். அறிவிக்கும்போது அவர் பார்த்தது முதல் வரிசையை மட்டும்தான்.

கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த என் பக்கத்தில் முதலாளி வந்து நின்றார். "அவனுக்குப் பத்திரிகை வச்சது யாருன்னு நான் கேக்கல" என்றார். "அடுத்த வருசமும் மொதல்ல அவனுக்கு வையி. நான் நட்டப்பட்டா நட்டம் எனக்கு. அவன் சிரிச்சு நான் மூடுனேன்னு போடில ஒருத்தன் பேசக் கூடாது."

கல்லையும் கதையையும் பேச்சையும் கணினிக்குள் கொண்டுபோக அறிவும் ஆர்வமும் போதும் என்று காதர் சார் இன்னமும் நம்புகிறார், நானோ வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பங்காளியின் ஆயுசுக்கு ஒரு விளக்குப் போட்டுவிட்டுத்தான் அலுவலகம் திறக்கிறேன்.